இட்லித் தட்டு எந்தப் பெட்டியில்?

எங்கள் அம்பத்தூர் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டலாம் என்று பேச ஆரம்பித்ததிலிருந்து, கடப்பாரை உள்ளே வர ஒன்றரை வருடம் ஆனது. பணம் பாதிக் காரணம். மீதிப் பாதி, மாதம் கிடைக்கவில்லை.

சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "வெயில் காலத்துல வடகக் கூழை எங்க வச்சுக் கிண்டறது?" என்றார் அத்தை. ஆனியில்? "இதோ ஆடி வந்துடும், பாதியில நிக்கும்." ஆடியில் பேச்சுக்கே இடமில்லை. ஆவணியில் சொந்தத்தில் கல்யாணம், வீட்டுக்கு ஆள் வரும். புரட்டாசி விரதம். ஐப்பசி தீபாவளியோடு மழையும் கூட்டிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் மழை பிடித்தால் கணுக்கால் தண்ணீர், அதில் எம்-சாண்டைக் கொட்டினால் காலையில் பாதி மண் கால்வாயில் இருக்கும். கார்த்திகையும் அதே கதை. மார்கழியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. பங்குனி காலி என்று நினைத்தபோது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை என்று ஞாபகம் வந்தது. அவன் படிக்கும் அறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் மூன்றடிச் சந்துதான். இடித்துச் சத்தம் போட முடியாது.

இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியது, பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வரும் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய ஐந்து வாரம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அத்தையின் பஞ்சாங்கம் என் எக்செல் அட்டவணையைவிட ஒழுங்காக வேலை செய்தது. வெயில், மழை, விருந்தாளி, பரீட்சை எல்லாம் அதில் இருந்தன. என்னுடையதில் டைல்ஸ் விலை மட்டும்தான் இருந்தது.

வீடு 1988-ல் மாமா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது கட்டியது. சமையலறை பத்துக்கு எட்டு அடி, கடப்பாக் கல் மேடை. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் ஜாதி. புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு போய்விடும். அடுப்புக்கு இடப்பக்கம், புளி ஊறவைக்கும் கிண்ணம் வழக்கமாக உட்காரும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு வட்டமாக வெளுத்துப்போயிருந்தது. அதெல்லாம் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. சுவருக்குள் ஓடிய ஜிஐ குழாய் துருப்பிடித்து, காலையில் முதல் தண்ணீர் காபி நிறத்தில் வந்தது. சிங்க்குக்குக் கீழே ஈரம் ஏறி ஹால் சுவரில் பெயிண்ட் உரிந்தது. மரக் கதவுகளில் கரையான். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

ஆள் பேசுவதற்கு முன்னால் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், மூன்று நாள் லீவு போட்டு அத்தை சமைப்பதைப் பார்த்தது. கையில் ஒரு நோட்டு. முதல் நாள், "என்னம்மா, பரீட்சை வைக்கிறியா?" என்று கேட்டார். இரண்டாம் நாள் என்னை மறந்துவிட்டார். நோட்டில் எழுதியது: உப்பு ஜாடியைப் பார்க்காமலே இடக்கையால் எடுக்கிறார். கண்புரை அறுவைசிகிச்சைக்கு முன்னாலிருந்தே அப்படித்தானாம். காய் நறுக்குவது தரையில் உட்கார்ந்து, அரிவாள்மனையில். மிக்ஸி போட அடுப்பை விட்டு நான்கு எட்டு நடக்க வேண்டும், பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. குக்கரைத் தூக்கி இறக்கும்போது குதிகால் தரையில் இல்லை.

அந்தக் குதிகால்தான் என்னை யோசிக்க வைத்தது. மேடை இரண்டே முக்கால் அடி, அதாவது 33 அங்குலம். அதன் மேல் கேஸ் அடுப்பு ஐந்து அங்குலம், அதற்கு மேல் பாத்திரம். அத்தை நாலடி பத்து அங்குலம். குழம்பைக் கிளறும்போது முழங்கை தோள் வரைக்கும் போகிறது. நான் ஐந்தடி நாலு; அதே மேடையில் சிங்க்கில் பாத்திரம் தேய்த்தால் எனக்கு முதுகு போகிறது, ஏனென்றால் சிங்க்கின் அடி மேடையைவிட எட்டு அங்குலம் பள்ளம். ஒரே மேடை, இருவருக்கும் இரண்டு விதமாகத் தப்பு.

இதைத் தீர்க்க டைனிங் டேபிளில் பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, ஒவ்வொருவராக நின்று பார்த்தோம். சப்பாத்தி தேய்ப்பது போல, பாத்திரம் தேய்ப்பது போல, காற்றில் கிண்டுவது போல. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார வீடு. நின்றபடி கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து நாலைந்து அங்குலம் கீழே வேலைமேடை இருந்தால் தோளும் வலிக்காது, முதுகும் வலிக்காது. கடைசியில் அடுப்பு வரும் பக்கம் 30 அங்குலம், சிங்க் பக்கம் 35 என்று முடிவானது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஒரே லெவலா இருந்தாதான்மா பார்வையா இருக்கும்" என்றார். பார்வைக்கு வருகிறவர்கள் யாரும் எங்கள் வீட்டில் சமைப்பதில்லை.

கணவருக்கு ஓப்பன் கிச்சன் ஆசை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகத் தெரியும் என்றார். மேஸ்திரி உடனே, "எடுத்துடலாம் சார், அரை நாள் வேலை." எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, ஜன்னல் ஓரத்தில் கனத்தை அளந்து, மொட்டைமாடிக்குப் போய் வந்து சொன்னார்: ஒன்பது அங்குலச் சுவர், இந்த வீட்டில் தூண் கிடையாது, தளத்தின் பாரம் முழுவதும் சுவர் மேல்தான் இறங்குகிறது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் பேசலாம், இதைத் தொடக்கூடாது. எண்பதுகளில் கட்டிய தனி வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். அத்தைக்கு உள்ளூர மகிழ்ச்சி. "மிளகாய் தாளிச்சா ஹால்ல உட்கார்ந்து இருமுவியாடா?" என்று மகனைக் கேட்டார்.

அடுத்தது பரண்.

பரணைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். இரண்டு நாள் இறக்கினோம். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, இடியாப்ப உரல், மூன்று பழைய குக்கர்கள், அவற்றின் ஆறு கைப்பிடிகள், எதற்கும் பொருந்தாத பதினான்கு மூடிகள். எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. யார் கொடுத்தது, எந்தக் கல்யாணம், எந்த வருடம். அத்தை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் படித்ததில் இரண்டு மணி நேர வேலை இரண்டு நாளானது. அவசரப்படுத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நாள் ஒதுக்க வேண்டும்.

ஒரு மூன்று லிட்டர் தூக்கில் மட்டும் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு எழுத்தும், 1994 என்றும் இருந்தது. அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாவுடையது. ஏதோ ஒரு பொங்கலுக்கு சர்க்கரைப் பொங்கல் வந்த தூக்கு. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று வைத்தது அப்படியே பரணேறிவிட்டது. அதில் சர்க்கரை நிரப்பி எடுத்துக்கொண்டு போனார். வரும்போது கையில் எங்கள் வீட்டு மாவுச் சல்லடை. நாங்கள் பல வருடமாக யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்திருந்த சல்லடை.

வேண்டாத பித்தளையைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் பாத்திரக்கடைக்கு எடுத்துப் போனோம். எடைக்கு எடை கழித்துக்கொண்டு புதுப் பாத்திரம் தருவார்கள். வெண்கலப் பானை போகவில்லை. அது பற்றி விவாதமும் நடக்கவில்லை.

இனி என் முட்டாள்தனம். மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, அலமாரி அலமாரியாகக் கட்டினேன். மேல்தட்டு பெட்டி 1, இரண்டாம் தட்டு பெட்டி 2, இப்படி 12 பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் எண், உள்ளே இருப்பவற்றின் பட்டியல் என் போனில். பெருமையாக இருந்தது. பெட்டிகளைச் சின்ன அறையில் வரிசைப்படி அடுக்கினோம், அதாவது 1 அடியில், சுவரோரம். மூன்றாம் நாள் அத்தை இட்லித் தட்டு கேட்டார். போனைப் பார்த்தேன். இட்லிக் கொப்பரை பெட்டி 7. தட்டு பெட்டி 1. துணி, பெட்டி 10. ஐந்து வாரமும் உப்புமா, தோசை, உப்புமா.

அலமாரிப்படி கட்டக்கூடாது, சமையல்படி கட்ட வேண்டும். இட்லிக்கு ஒரு பெட்டி: கொப்பரை, தட்டு, துணி, மாவுக் கரண்டி. குழம்புக்கு ஒரு பெட்டி. காபிக்கு ஒரு பெட்டி, அது பெட்டியில் போகவே கூடாது. இதை அத்தையிடம் முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பார்த்து எழுதியதோடு நிறுத்திவிட்டேன், கேட்கவில்லை.

தற்காலிகச் சமையல் எங்கே என்பது அடுத்த பஞ்சாயத்து. ஹாலில் இண்டக்‌ஷன் வைத்து ஓட்டிவிடலாம் என்பது என் எண்ணம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். அலுமினியக் குக்கர், வெண்கலம், பித்தளை, மண்சட்டி எதிலும் ஒட்டவில்லை. எவர்சில்வரிலேயே பாதி ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷனில் சுடாது. தேறியது இரண்டு வாணலி, ஒரு தோசைக்கல், ஒரு பால் பாத்திரம். மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு?"

கரண்டும் இடித்தது. இண்டக்‌ஷன் 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஹாலில் இருந்தவை எல்லாம் டிவிக்கும் போன் சார்ஜருக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்குகள். அதில் செருகினால் முதலில் சூடாவது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான். எலக்ட்ரீஷியனை முன்கூட்டியே வரவழைத்து, மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போட்டோம். அப்படியே கட்டை ஃபியூஸ்களைத் தூக்கிவிட்டு, கரண்ட் அதிகமானால் தானே விழும் எம்சிபியும், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும். ஈரச் சுவரை டிரில்லிங் மிஷினால் உடைக்கிற வீட்டில் இது இல்லாமல் வேலை தொடங்கவே கூடாது என்பேன். சமையலறை முடிந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பலர் விடுகிறார்கள். ஆபத்து முழுக்க வேலை நடக்கும்போதுதான்.

மீன் குழம்புக்காகக் கேஸ் அடுப்பைப் பின்பக்கம் வைக்க முடிவானது. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடிக்குப் பக்கத்தில் நல்ல நிழல், தண்ணீரும் கிட்டே. அங்கேதான் என்று நான் இடம் குறித்துவிட்டேன். ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் பார்த்ததுமே மாட்டேன் என்றார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். சம்ப்புக்குள் இறங்கிவிட்டால், என்றைக்கோ யாரோ மூடியைத் திறந்து உள்ளே பார்க்க லைட்டர் கொளுத்துவார்கள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அடுப்பு பின்வராண்டாவுக்குப் போனது. இரும்பு மேஜை மேல் அடுப்பு, கீழே தரையில் நிமிர்ந்தபடி சிலிண்டர், அதன் தலையைவிட அடுப்பு உயரத்தில். குழாயைப் பார்த்தால் தேதி தாண்டிப் பல நாள் ஆகியிருந்தது. அந்த ஆரஞ்சுக் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அதன் மேலேயே தேதி அச்சடித்திருக்கிறார்கள், நாங்கள்தான் படித்ததில்லை. கசிவு என்றால் கூப்பிட வேண்டிய 1906-ஐச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார் மாமா.

பாத்திரம் தேய்க்கும் இடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சமைக்க ஆயிரம் வழி உண்டு, எண்ணெய்ப் பிசுக்கு வாணலியை எங்கே கழுவுவது? குளியலறையில் கழுவினால் இரண்டாம் வாரம் அங்கே அடைக்கும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குழாய், கீழே ஒரு வலைச் சல்லடை, பருக்கை போகாமல். அவ்வளவுதான், ஆனால் இடிப்பதற்கு முன் செய்ய வேண்டும்.

வாங்க வேண்டியவை பற்றி ஒன்று மட்டும். சிங்க்கும் அடுப்பும் வீட்டுக்கு வந்து சேராமல் கிரானைட்டை வெட்ட விடாதீர்கள். காட்டலாக்கில் போட்டிருக்கும் அளவுக்கும் கையில் வரும் பொருளுக்கும் கால் அங்குலம் தள்ளினால் போதும், கல் போச்சு. டைல்ஸ் அட்டைப்பெட்டிகளில் ஷேட் எண் ஒன்றுபோல இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பெட்டி கூடுதலாகவும் வாங்குங்கள்.

தூசிக்கு வருவோம். மாமாவுக்கு இழுப்பு உண்டு. பூச்சையும் டைல்ஸையும் உடைக்கும்போது பறக்கும் நைஸ் தூளில் சிலிகா இருக்கிறது, அது நுரையீரலுக்கு எமன். இடிக்கிற நான்கு நாளும் அவர் ஆவடியில் அண்ணி வீட்டில் இருப்பது என்று முதலிலேயே பேசி, நெபுலைசரையும் மாத்திரையையும் தனிப் பையில் கட்டிவிட்டோம். ஹால் பக்க வாசலில் மேலிருந்து கீழ்வரை தார்ப்பாய். கீழே ஈரச் சாக்கு. இதில் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை: பழைய எக்ஸாஸ்ட் ஃபேனை முதலில் கழற்றாதே. சமையலறைக்குக் கரண்டை நிறுத்தியபிறகு, வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் கொடுத்து அதை ஓடவிட்டால் தூசி சந்துப் பக்கம் போகும், வீட்டுக்குள் வராது. சுவரில் முதல் நாள் ராத்திரியே தண்ணீர் அடித்து ஊறவிட்டால் இன்னும் குறையும். உடைக்கிறவர்களுக்கு முகக்கவசம் வாங்கி வைத்தேன். கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தார்ப்பாய்க்கு அடங்காத ஒரு கூட்டம் உண்டு, கரப்பான். மேடைக்கு அடியில் முப்பத்தைந்து வருடமாகக் குடியிருந்தவை, முதல் அடி விழுந்ததும் குடும்பத்தோடு கிளம்பும். ஒரு வாரம் முன்பே மருந்து வைத்தோம். அப்படியும் ஹாலில் இரண்டு பேரைச் சந்தித்தேன்.

இடிபாட்டை எந்த வழியாக வெளியேற்றுவது என்பதையும் வேலை தொடங்கும் முன் தீர்த்தோம். ஹால் வழியாகப் போனால் மொசைக் தரை போய்விடும். பின்கதவு, சந்து, வாசல். காலி சிமெண்ட் சாக்குகளை முன்கூட்டியே சேர்த்து வைத்தோம். பாதிச் சாக்குக்கு மேல் நிரப்பினால் தூக்க முடியாது. இடிபாட்டை வீட்டுக் குப்பையோடு கலக்கக்கூடாது, தெருவிலும் கால்வாயிலும் கொட்டக்கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் தட்டிவிடுகிறேன் என்று ஒரு வண்டிக்காரர் சொன்னார். ஒவ்வொரு மழைக்கும் ஏரி ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று பேசுகிற ஊரில் வேறு என்ன செய்வது, மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து வழி கேட்டோம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றைக் கோட்டை விட்டோம். முதல் நாள் காலை எட்டு மணிக்கு பிளம்பர் சமையலறைத் தண்ணீரை நிறுத்த மாடிக்குப் போனார். பித்தளை கேட் வால்வ். போர்த் தண்ணீரின் உப்பு படிந்து இறுகியிருந்தது. ஸ்பேனர் போட்டுத் திருகியதும் பிடி சுகமாகச் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே கதவு அசையவில்லை, தண்டு முறிந்துவிட்டது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்திருந்தது, ஏனென்றால் வேலை நாளில் தண்ணீர் வேண்டுமே என்று நான்தான் ராத்திரி மோட்டார் போட்டேன். குடம், பக்கெட், அந்தப் பித்தளை அண்டா வரை நிரப்பினோம். மீதி தென்னைக்குப் போனது. புது பால் வால்வ் மாட்டி முடிக்கப் பதினொன்றரை. ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு முறை திருகிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பதினொன்றே முக்காலுக்கு முதல் அடி விழுந்தது. அத்தை உள்ளே வந்து பார்க்கவில்லை. பின்வராண்டாவில் ஆட்களுக்கும் சேர்த்து சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். நான் முந்தின நாளே அந்த இரும்பு மேஜையைத் துடைத்து, அஞ்சறைப் பெட்டி, எண்ணெய், கரண்டி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். பருப்பு கொதித்தது. சுவர்ப் பக்கம் பார்த்தபடியே இடக்கையை நீட்டினார். கை மேஜையில் வெறுமனே துழாவியது. உப்பு ஜாடி வலப்பக்கம் இருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை. ஜாடியை எடுத்து இடப்பக்கம் வைத்தார், உப்பு போட்டார், கடுகு தேடினார்.